உயரம் 6 அடி 4 அங்குலம்: ஜனவரியில் டோக்கியோ, பிறகு மியூனிக். துணி இங்கேயே தைப்பதா, அங்கே வாங்குவதா?

கோத்தகிரி_193

வணக்கம். உயரம் 193 செ.மீ., எடை 84 கிலோ. ஜனவரி முதல் வாரம் டோக்கியோ போகிறேன். அங்கிருந்து மியூனிக், பிப்ரவரி கடைசி வரை. ரெடிமேட் சட்டையில் எக்ஸெல் எடுத்தால் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. டபுள் எக்ஸெல் எடுத்தால் உடம்பு சாக்கு மாதிரி தொங்குகிறது, கை அப்போதும் எட்டவில்லை. பேன்ட் உட்கார்ந்தால் கணுக்காலுக்கு மேலே ஏறுகிறது. ஷூ யூகே 12. ஜப்பானில் என் அளவு கிடைக்குமா? குளிர் கோட் எங்கே எடுப்பது? எதை இங்கேயே தைத்துக்கொண்டு போகலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊசிநூல்_குன்னூர்

தம்பி, டபுள் எக்ஸெல் எடுத்தும் கை எட்டாததற்குக் காரணம் இருக்கு. கம்பெனிக்காரங்க ஒரு சைஸிலிருந்து அடுத்த சைஸுக்குப் போகும்போது மார்புச் சுற்றளவை 4 முதல் 6 செ.மீ. வரை கூட்டுவாங்க. கை நீளத்தில் கூட்டுவது ஒன்று, ஒன்றரை செ.மீ.தான். அதனால சைஸ் ஏற ஏற அகலம்தான் ஏறும். உயரமா, ஒல்லியா இருக்கறவங்க சைஸ் எழுத்தைப் பார்த்து எடுத்தா எந்த ஊர்லயும் ஏமாறுவாங்க.

இன்னொரு விஷயத்தை மனசில வெச்சுக்குங்க. அகலத்தைப் பிடிச்சுத் தைக்கலாம், நீளத்தைக் கூட்ட முடியாது. ஜீன்ஸ் அடிமடிப்பில் உள்ளே இருக்கறது ஒன்றரை செ.மீ. துணிதான். பிரிச்சாலும் பழைய மடிப்பு வெள்ளைக் கோடா தெரியும். முழுக்கைச் சட்டையில் கஃப்புக்குள்ள பிரிக்க ஒண்ணுமே இருக்காது. அதனால கடையில முதல்ல நீளம் பாருங்க. நீளம் சரியா இருந்து அகலம் கொஞ்சம் கூட இருந்தா எடுத்துட்டு வந்து பிடிச்சுக்கலாம்.

இப்போ அளவு எடுங்க, செ.மீட்டரில். உடம்புல எடுக்கறதோட, உங்களுக்கு நல்லாப் பொருந்தற பழைய பேன்ட் ஒண்ணைத் தரையில விரிச்சு, கவட்டுத் தையல்லயிருந்து அடி வரை உட்புறத் தையலோரமா டேப் வெச்சுப் பாருங்க. அதுதான் உட்கால் நீளம். கைக்கு, முழங்கையை லேசா மடக்கித் தோள்பட்டை எலும்பிலிருந்து மணிக்கட்டு எலும்பு தாண்டி ஒரு விரல் வரை. சட்டை நீளம் பின்கழுத்து எலும்பிலிருந்து. எடுத்து இங்கே போடுங்க, மத்தவங்களும் பார்த்துச் சொல்லலாம்.

கோத்தகிரி_193

எடுத்துவிட்டேன் அண்ணா. தோள்பட்டை 48, கை 67, மார்பு 104, இடுப்பு 86, உட்கால் 90, பேன்ட் முழு நீளம் பட்டியிலிருந்து 118, சட்டை நீளம் 84. எல்லாம் செ.மீ. பாதத்தைப் பேப்பரில் வரைந்து அளந்தால் 30.

ஊசிநூல்_குன்னூர்

நல்லது. சட்டையும் பேன்ட்டும் இங்கேயே தைச்சுக்குங்க. டோக்கியோவுக்கு அதுதான் வழி.

பேன்ட் பிட்டுனு பாக்ஸ்ல விக்கறது 1.20 மீட்டர். உங்களுக்கு 118 முழு நீளம், மேலே பட்டியோட சேர ஒரு செ.மீ., அடிமடிப்புக்கு 6. அதுவே 125 ஆச்சு. பாக்ஸ் பிட் பத்தாது. 58 அங்குல அகலத் துணியில 1.50 மீட்டர் வெட்டி வாங்குங்க. முழுக்கைச் சட்டைக்கு அதே அகலத்தில 2 மீட்டர், 36 அங்குல அகலம்னா 3 மீட்டர்.

அடுத்தது, இதை விட்டுடாதீங்க: பருத்தித் துணியா இருந்தா டெய்லர்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறப் போட்டு, முறுக்காம தொங்கவிட்டுக் காய வைங்க. தறியிலயும் ஆலையிலயும் இழுத்து விட்ட நூல் தண்ணி பட்டதும் பழைய நிலைக்குச் சுருங்கும். 3 சதவீதம்னாலே 118-ல மூணரை செ.மீ. போயிடும். சராசரி உயரம் உள்ளவருக்கு அது தெரியாது, உங்களுக்குக் கணுக்கால் வெளிய வந்துடும். கோத்தகிரி பனியில துணி காய நாளாகும், அதனால டிசம்பர் கடைசியில அவசரப்படாம இப்பவே ஆரம்பிங்க. கம்பளி கலந்த துணியை மட்டும் ஊற வைக்காதீங்க, அதுக்கு ஸ்டீம் அயர்ன் போதும்.

டெய்லர்கிட்ட அடிமடிப்பில 6 செ.மீ. துணியை உள்ளயே மடிச்சு வைக்கச் சொல்லுங்க. "எதுக்கு சார் இவ்வளவு?"னு கேட்பாங்க, வெட்டாம பார்த்துக்குங்க. சட்டை யோக்ல (தோளுக்குப் பின்னால வர்ற பட்டைத் துணி) கையை ஒட்டி இறுக்கம் வேண்டாம், கையை முன்னால நீட்டினா முதுகு இழுத்து, கை நீளம் 2 செ.மீ. குறைஞ்சாப்பல தெரியும்.

ஊட்டி திபெத்தியன் மார்க்கெட்ல ஸ்வெட்டர் பார்க்கறதா இருந்தா, இந்தக் கை 67-ஐ டேப்போட போய் அளந்து பாருங்க. பின்னல் துணி இழுத்தா நீளும்னு நம்பி எடுக்காதீங்க. நீளமா இழுத்தா அகலம் குறையும், ரெண்டு துவைப்புல பழையபடி ஏறிடும்.

டோக்கியோ_தமிழ்வாசி

ஜப்பானைப் பற்றி நான் சொல்கிறேன். சாதாரணக் கடையில் உங்கள் அளவை எதிர்பார்க்காதீர்கள். அங்கே எல்எல், 3எல், 4எல் என்று இருக்கும். 3எல், 4எல் பெரும்பாலும் பருமனானவர்களுக்கு வெட்டியவை, உயரத்துக்கு அல்ல. இங்கேயும் ஊசிநூல் அண்ணன் சொன்ன அதே சிக்கல்தான்.

கோட்-சூட்டில் மட்டும் ஜப்பானிய அளவு முறை உங்களுக்கு உதவும். சீட்டில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எழுத்து உடல்வாகு: ஒய் என்றால் ஒல்லி, ஏ சாதாரணம், ஏபி கொஞ்சம் பருமன், இ மிகப் பருமன். எண் உயரம்: 5 என்றால் 170 செ.மீ., அதிலிருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் 5 செ.மீ. கூடும். 8 என்றால் 185, 9 என்றால் 190. உங்கள் மார்புக்கும் இடுப்புக்கும் 18 செ.மீ. வித்தியாசம் இருப்பதால் ஒய் வரிசையில் 9-தான் கேட்க வேண்டும். கடையில் தொங்குபவை பெரும்பாலும் 4 முதல் 7 வரைதான். அதனால் 9 இல்லை என்றால் "இ-8" எடுத்துக் காட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது அகலம்தான்.

சகாசென் என்று பெரிய அளவுகளுக்கென்றே கடைகள் உண்டு, அவசரத்துக்குப் போகலாம். யுனிக்லோ என்ற துணிக்கடையில் பெரிய அளவுகள் பலவும் இணையத்தில் மட்டுமே விற்பனை. கடைக்குப் போய் அலைந்து பயனில்லை. ஆர்டர் போடும் பக்கத்தில் ஒவ்வொரு உருப்படிக்கும் செ.மீ. அட்டவணை இருக்கும். அதில் மத்தாஷித்தா என்பது உட்கால், 90-க்குக் குறைந்தால் விடுங்கள். கைக்கு இரண்டு விதம் உண்டு. சோதேதாக்கே என்றால் தோள் தையலிலிருந்து, யுகிதாக்கே என்றால் பின்கழுத்து நடுவிலிருந்து. இரண்டாவதைப் பார்த்துவிட்டு "87 இருக்கே, என் கை 67-தானே" என்று பெரிதாக நினைத்துவிடாதீர்கள். உங்களுக்கு அந்தக் கணக்கில் தோள்பட்டையில் பாதி 24, கை 67, ஆக 91 வேண்டும். அமெரிக்கச் சட்டையில் 36 (அங்குலம்) என்று போட்டிருப்பதும் இதே 91 செ.மீ.தான்.

நல்லது என்னவென்றால், ஜனவரியில் டோக்கியோ குளிர் ஊட்டிக்காரருக்குப் பெரிய விஷயமில்லை. பகலில் 10 டிகிரி பக்கம், இரவில் 1, 2 வரை இறங்கும். மலையில் போடும் ஜாக்கெட்டும் உள்ளே ஒரு தெர்மலும் போதும். தெர்மலில் கை கொஞ்சம் குட்டையானாலும் கவலையில்லை, அதை அங்கே வாங்கலாம். தங்குமிடத்தில் தரும் யுகாதா (பருத்தி அங்கி) முழங்காலோடு நின்றால் வரவேற்பில் "தொகுதாய்" என்று கேளுங்கள், மிகப் பெரிய அளவு வைத்திருந்தால் எடுத்துத் தருவார்கள்.

மியூனிக்_மலைக்காரன்

கோட், ஜீன்ஸ் இரண்டையும் மியூனிக்குக்கு ஒதுக்கி வையுங்கள். ஜெர்மனியில் உயரமானவர்களுக்குத் தனி எண் வரிசையே இருக்கிறது. ஆண்களுக்குச் சாதாரண அளவு 48, 50, 52, 54. அதே மார்புக்கு நீளமான வெட்டு 94, 98, 102, 106. உங்கள் மார்பு 104, அதாவது சாதாரணத்தில் 52. ஆனால் கேட்க வேண்டியது 102. உடல் நீளம், கை, பாக்கெட் உயரம், இடுப்பு வளைவு எல்லாமே கீழே இறக்கி வெட்டியிருப்பார்கள். 52-ஐப் போட்டுப் பார்த்துவிட்டு 56-க்குத் தாவுவதுதான் எல்லோரும் செய்வது. கடைக்காரரிடம் "லாங்-குரோஸே" என்று கேட்டாலே 102 தொங்கும் இடத்துக்கு அழைத்துப் போவார்.

சட்டை வாங்கினால் காலர் எண்ணோடு "எக்ஸ்ட்ரா லாங்கர் ஆர்ம்" என்று எழுதியதைத் தேடுங்கள். கை 68 முதல் 72 செ.மீ. வரை வரும், தோள் தையலிலிருந்து அளந்தது, நம்ம ஊர் டெய்லர் கணக்கேதான். ஜீன்ஸுக்கு டபிள்யூ (இடுப்பு) 34, எல் (உட்கால்) 36, இரண்டும் அங்குலத்தில். எல் 36 என்றால் உட்கால் 91 செ.மீ.

கவுஃபிங்கர் தெருவில் ஹிர்மர் என்று ஆண்களுக்கான பெரிய கடை இருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம். ஞாயிறு கடைகள் திறக்காது, மற்ற நாள்களில் இரவு 8 மணிக்கு மூடிவிடும். ஜனவரி 6 பவேரியாவில் அரசு விடுமுறை. அன்று போய் இறங்கினால் குளிரில் நிற்க வேண்டியதுதான். ஒரே பில் 50 யூரோவுக்கு மேல் போனால் வரியைத் திரும்பப் பெறும் படிவம் கேட்டு வாங்குங்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

கோட்டைப் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் கையைத் தொங்கவிட்டு நிற்பது போதாது. உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஜிப்பை மூடி, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் தூக்குங்கள். மணிக்கட்டு வெளியே வரலாம், பின்பக்கம் பெல்ட்டுக்கு மேலே ஏறக் கூடாது. ஏறினால் அக்குள் வெட்டு உங்களுக்குத் தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம். அதை எந்த டெய்லரும் சரிசெய்ய முடியாது, வேறு கோட் பாருங்கள்.

லவ்டேல்_வாசகி

பெண்களுக்கும் இதே கேள்வி வரும் என்பதால் சேர்த்துவிடுகிறேன். ஜெர்மனியில் பெண்கள் அளவு 36, 38, 40 என்றால் உயரமானவர்களுக்கு அதை இரட்டிப்பாக்கி 72, 76, 80 என்று போட்டிருப்பார்கள். 19, 20 என்று பார்த்தால் அது குட்டையானவர்களுக்கு. சின்ன எண் என்று மகிழ்ந்து எடுத்துவிடாதீர்கள். டாப்ஸில் நீளத்தைவிட இடுப்பு வளைவு எங்கே விழுகிறது என்று பாருங்கள் அக்கா, தங்கச்சிகளே. வளைவு விலாவில் நின்றால் கீழே எவ்வளவு துணி இருந்தாலும் பிரயோஜனமில்லை.

கோத்தகிரி_193

எல்லோருக்கும் நன்றி. ஷூ மட்டும் பாக்கி. மியூனிக்கில் பனி இருக்கும் என்கிறார்கள், அங்கே போய் வாங்கலாமா?

மியூனிக்_மலைக்காரன்

ஒரு ஜோடி காலில் போட்டுக்கொண்டே வாருங்கள். ஜப்பான் கடைகளில் ஷூ பெரும்பாலும் 28 செ.மீட்டரோடு முடிந்துவிடும், வழியில் அறுந்தால் மாற்று கிடைப்பது கஷ்டம். யூகே 12 என்பது ஐரோப்பிய அளவில் 47. கோவை டெக்கத்லானில் சில மாடல்கள் 47 வரை உண்டு, கீழே இறங்கும்போது பார்த்துவிடுங்கள். சாயங்காலம் போங்கள், அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். தடித்த கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு, கயிறு கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைகிறதா பாருங்கள். நுழையாவிட்டால் மிதமான பனியிலும் விரல் மரத்துப்போகும். காற்று தங்க இடமில்லாத ஷூவில் சூடு நிற்காது, இறுக்கத்தில் ரத்தமும் விரலுக்குப் போகாது. அடிப்பாகத்தில் ஆழமான வரிகள் இருக்க வேண்டும். 47-ல் இறுகினால் 48-ஐ மியூனிக்கில் பார்க்கலாம், அங்கே அது கிடைக்கும்.

ஊசிநூல்_குன்னூர்

புது ஷூவைப் போட்டு கோத்தகிரிப் படிக்கட்டுல ஏறி இறங்கிப் பாருங்க தம்பி. இறங்கறப்ப பெருவிரல் முன்னால இடிச்சா அந்த வாரமே மாத்திக்கலாம், பில்லை வெச்சுக்குங்க.