மறு: ரேடியம் சட்டைக்கு ஒரு பெயர்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

சாலை வேலைக்காரர்கள் போடுகிற, பளீர் நிறத் துணியில் இரவில் மின்னும் பட்டை வைத்த ‘ஹை விசிபிலிட்டி ஷர்ட்’டுக்குக் குழுமத்தில் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். ‘உயர்காட்சிச் சட்டை’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். கோபிக்கக் கூடாது, எனக்கு அது பகல்காட்சி, இரவுக்காட்சி வரிசையில் வருகிறது. ‘ஒளிர்சட்டை’ என்று இன்னொருவர் சொன்னது காதுக்கு நன்றாக இருக்கிறது. பொருளில்தான் சிக்கல்.

நான் மன்னார்குடிப் பக்கம் வாய்க்கால் தூர்வாரும் வேலைக்கு மேற்பார்வை பார்க்கிறவன். ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்று கணக்கு வைத்து அதற்குள் முடிக்க வேண்டும். அப்படியென்றால் கத்திரி வெயிலில்தான் வேலை. போன வருடம் ஆட்களுக்கு வாங்கியது கையில்லாத மேலங்கி. போட்டிருக்கிற சட்டைக்கு மேல் இன்னொரு அடுக்கு, அதுவும் காற்றுப் புகாத பாலியெஸ்டர். 11 மணிக்கெல்லாம் 12 மேலங்கியும் பொக்லைன் கைப்பிடியில் தொங்கின. பொக்லைன் மட்டும் ரொம்பப் பாதுகாப்பாக இருந்தது.

இந்த வருடம் மேலங்கி வேண்டாம், சட்டையே வாங்கலாம் என்று தேடினேன். பருத்திதான் கேட்டேன். அந்தப் பளீர் நிறச் சாயம் பாலியெஸ்டரில் பிடிக்கிற மாதிரி பருத்தியில் பிடிப்பதில்லை, சீக்கிரம் வெளுத்துவிடும். தவிர, நம் பக்கத்துப் புழுக்கத்தில் தொப்பலாக நனைந்த பருத்தி எப்போது காய்வது? கடைசியில் பொடிக்கண் வைத்த பாலியெஸ்டர் பின்னல் துணி, முழுக்கை, கொஞ்சம் தொளதொளவென்று. பட்டையும் ஒரே நீளமாக ஒட்டியதில்லை, துண்டு துண்டாக இருக்கிறது. இடைவெளியில் காற்று போகும். நிறம் ஆரஞ்சு. கடைக்காரர் கிளிப்பச்சை கலந்த மஞ்சளைத்தான் எடுத்துப் போட்டார். தார்ச்சாலையில் அது சரி. குறுவை நாற்றங்கால் ஓரத்தில் அதைப் போட்டவன் நாற்றோடு நாற்றாகிவிடுவான்.

இனி சொல்லுக்கு வருகிறேன். சட்டையில் இரண்டு சங்கதி இருக்கிறது. துணி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் வாங்கித் தெரிகிற ஒளியாகக் கொடுக்கிறது. இதற்கு உடனொளிர்தல் என்று ஏற்கெனவே சொல் உண்டு. வெயில் போனால் அதுவும் போச்சு. இரவில் வேலை செய்வது பட்டை. அதிலிருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள், விளக்கு வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். முகம் பார்க்கிற கண்ணாடி சாய்ந்திருந்தால் வெளிச்சம் வேறெங்கோ போகும். இது லாரி விளக்குக்கே திரும்பி வந்து ஓட்டுநர் கண்ணில் படும். அதனால் ‘எதிரொளி’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘மீளொளிப் பட்டை’ என்கிறேன்.

ஊரில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர், ரேடியம். ரேடியம் ஸ்டிக்கர், ரேடியம் சட்டை. அதில் ரேடியம் துளியும் கிடையாது. ஒரு நாள் ராத்திரி, ரோட்டில் காயப்போட்ட நெல்லுக்குக் காவலாக ஓரமாகப் படுத்திருந்த ஒருவரைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். வண்டியை நிறுத்திச் சத்தம் போட்டால், “அதான் ரேடியம் போட்ருக்கேனே தம்பி” என்கிறார். பட்டையே இல்லாத பளீர் மஞ்சள் பனியன்! தானாக எரியும் என்று நம்பியிருக்கிறார். ‘ஒளிர்சட்டை’ என்று பெயர் வைத்தால் நாமும் அதையேதான் சொல்லிக்கொடுக்கிறோம்.

ஆகவே சட்டைக்கு என் முன்மொழிவு: பளிச்சட்டை. ‘பளிச்’சென்று தெரியும் சட்டை. எதனால் தெரிகிறது என்று அது வாக்குக் கொடுப்பதில்லை.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து

---

தம்பிக்கு,

மீளொளிப் பட்டைக்கு ஆட்சேபம் இல்லை. இந்த உடைகளுக்கான ஐ.எஸ்.ஓ. 20471 என்ற உலகத் தரத்திலும் துணிக்கும் பட்டைக்கும் தனித்தனி அளவுதான். அதில் இரண்டாம் வகுப்பு உடைக்குக் குறைந்தது துணி 0.50 சதுர மீட்டர், பட்டை 0.13. இரண்டு பொருளுக்கு இரண்டு சொல் வேண்டியதுதான். ஆனால் ‘பளிச்’ வெறும் குறிப்புச்சொல். ‘பளிச்சென’ என்பதுபோல் ‘என’ சேராமல் பெயருக்கு முன்னால் எப்படி நிற்கும்? கால்சட்டை, தொப்பிக்கு என்ன செய்வீர்கள்? ‘எடுப்புடை’ என்றால் எல்லாம் அடங்குமே.

கும்பகோணத்திலிருந்து

---

ஐயா,

கிலுகிலுப்பைக்குப் பெயர் வைத்தவர்கள் ‘என’ போட்டா வைத்தார்கள்? ‘எடுப்புடை’ அழகுதான். ஆனால் துணிக்கடையில் எடுப்பாக ஒன்று கேட்டால் கல்யாணத்துக்கா என்று கேட்பார்கள். தொப்பிக்குப் பளிச்சுத்தொப்பி. கால்சட்டைக்கு நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும், எனக்கு ஓடவில்லை.

இன்னொன்று. நேற்றுச் சம்பளப் பட்டுவாடாவில் ஆள் ஒருவர், “நம்ம பளிச்சட்டைய சோப்புல அலசலாமா, பட்டை உரிஞ்சிடுமா?” என்றார். நான் அவரிடம் அந்தச் சொல்லை ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன். அலசலாம், பட்டையில் மட்டும் பிரஷ் போடாதீங்க என்றேன்.