கரகத்துக்கு முன்னால் ஆடி வந்தவர்கள்

நத்தம் பக்கம் என் அம்மாவின் ஊர். பங்குனியில் மாரியம்மனுக்குப் பொங்கல் சாட்டினால், அதாவது திருவிழா அறிவித்தால், கரகாட்டக் குழு கட்டாயம் வரும். ராத்திரி மேடையில் நடக்கும் ஆட்டத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு அதற்கு முன்னால் நடப்பதுதான் பெரிது.

சாயங்காலம் கிணற்றடியில் பூசாரி சக்தி கரகம் ஜோடிப்பார். கலயத்தில் தண்ணீர் நிறைத்து, வேப்பிலையும் பூவும் சுற்றிக் கட்டியதும் எங்களுக்கு அது அம்மன்தான். அவர் அதைத் தலையில் ஏற்றிக் கோயிலுக்கு வருகிற வழியெல்லாம் ஆட்டக்காரர்கள் முன்னால் ஆடிக்கொண்டே வருவார்கள். நாகசுரம், தவில், பம்பை என்று நையாண்டி மேளம் தெருவையே அதிர வைக்கும்.

போன பங்குனியில் ஆட்டக்கார அக்கா ஒருவர் தான் ஆடுகிற கரகத்தைத் தயார் பண்ணுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். செம்பின் அடியை உள்பக்கமாகத் தட்டி, தலையில் படிகிற மாதிரி குழித்திருந்தார்கள். "உள்ளே பச்சரிசி போடுவோம் தம்பி, மணலும் போடுறதுண்டு. கனம் இல்லேன்னா நிக்காது" என்றார். மேலே பூக்கூடு, அதன் உச்சியில் மூங்கில் குச்சியில் கிளி. தரையைத் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் தூக்கி வைத்தார். அப்புறம் கை கரகத்துப் பக்கமே போகவில்லை! தோளும் இடுப்பும் காலும் தவிலோடு ஓடுகின்றன, கழுத்து மட்டும் அசையாமல் நிற்கிறது. சுடுகிற தார் ரோட்டில் வெறுங்காலோடு கோயில் வரைக்கும் அப்படியே ஆடி வந்தார்.

ராத்திரி அதே கரகத்தோடு ஏணியில் ஏறினார். இறங்கி, உடம்பைப் பின்னால் வளைத்து, கீழே கிடந்த ஊசியைக் கண் இமையால் எடுத்தார். நான் மூச்சு விட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நாலு பையன்கள் சினிமாப் பாட்டுக் கேட்டுக் கத்தினார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய 11 ஆடல்களில், குடத்தை வைத்து ஆடும் குடக்கூத்தும் உண்டு. கரகாட்டத்துக்கு அதுவே அடிப்படை என்பார்கள். அவ்வளவு பழைய கலையை இரண்டு நிமிடம் பொறுமையாகப் பார்க்க முடியாதா?

ஆட்டம் முடிந்ததும், சினிமாப் பாட்டுக்கும் ஆடுவீர்களா என்று அக்காவிடம் கேட்டேன். "கேட்டா ஆடித்தான் ஆகணும், அடுத்த வருசம் கூப்பிடணும்ல" என்றார். திருவிழா இல்லாத மாதங்களில் களை எடுக்கப் போவாராம். பேசும்போதே காலில் சலங்கை கட்டியிருந்த இடம் கன்றிப்போய் இருந்ததைப் பார்த்தேன்.

அடுத்த மாரியம்மன் பொங்கலுக்கு ஊர்க்கூட்டம் போடும்போது நானும் போவதாக இருக்கிறேன். சினிமாப் பாட்டை எந்நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். ஏணி ஆட்டம் முடிகிற வரைக்கும் மேடையை அவர்களிடம் விட்டுவிடுங்கள் என்று கேட்கப்போகிறேன். உங்கள் ஊரில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?