அரை டம்ளர் பீர்

தம்பி: நேற்று ராத்திரி பையனுக்கு அரை டம்ளர் பீர் ஊற்றிக் கொடுத்தேன். 16 வயதாகிவிட்டது. வெளியே திருட்டுத்தனமாகக் குடிப்பதற்கு என் கண்ணெதிரே குடிக்கட்டும்.

அக்கா: எதுக்குடா உனக்கு இந்த வேலை?

தம்பி: அளவு பழகட்டும் அக்கா. இங்கிலாந்தில் 5 வயதுக்கு மேல் பிள்ளைக்கு வீட்டில் கொடுப்பது சட்டப்படி குற்றமே இல்லை.

சித்தப்பா: குற்றமில்லைதான். ஆனால் அதே நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி 2009-ல் சொன்னது வேறு. பிள்ளைப் பருவம் முழுக்கத் தொடாமல் இருப்பதே நல்லது, 15 வயதுக்கு முன் கூடவே கூடாது என்றார்.

தம்பி: 15-க்கு மேல் குடித்தால் பெற்றோர் கண்காணிப்பில் இருக்கட்டும் என்றும் அதிலேயே இருக்கிறதே சித்தப்பா!

சித்தப்பா: அரிதாக, அதுவும் அவன் குடிப்பதாக இருந்தால். நீயே ஊற்றிக் கொடு என்றா சொன்னார்? நிதானம் பார்க்கிற மூளையின் முன்பகுதி 25 வயதுவாக்கில்தான் முதிர்கிறது.

நான்: ஆஸ்திரேலியாவில் 1,927 பிள்ளைகளை 2010 முதல் 6 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெற்றோரே கொடுத்த பிள்ளைகள் அடுத்த வருடம் வேறு இடத்திலும் வாங்கிக் குடிக்கிற வாய்ப்பு இரண்டு மடங்கு இருந்தது. வீட்டில் கொடுத்ததால் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை.

தம்பி: கொடுக்கிற வீடுகளே வேறு மாதிரி இருக்கலாமே அண்ணா.

நான்: இருக்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் நீ சொல்கிற ‘அளவு பழகுவது’ அதில் எங்கேயும் தென்படவில்லை.

தம்பி மனைவி: மாமா, நான் பக்கத்தில்தான் இருந்தேன். மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தான். டம்ளரைக் கீழே வைக்காமல் இவர் முகத்தையே பார்த்தான். இவர் முதுகில் தட்டினார். அப்புறம்தான் சிரித்தான்.

அக்கா: அப்போ அவன் பழகியது என்னவாம்? குடித்தால் அப்பா தட்டிக்கொடுப்பார் என்றா?

தம்பி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தப்பா: ஆமாம், பையனும் இந்தக் குழுவில்தானே இருக்கிறான்? போன் வாங்கிக் கொடுத்த அன்றைக்கே நீதான் சேர்த்தாய்.

தம்பி: ஐயோ.

தம்பி மகன்: எல்லாம் படித்துவிட்டேன் பெரியப்பா. ஒரே கசப்பு. அப்பா ஆசையா ஊற்றினார், வேண்டாம்னு சொன்னா முகம் வாடிவிடுமோ என்று குடித்தேன்.

தம்பி மகன்: அப்பா, இன்னொன்று. பசங்களிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை நம் வீட்டுக்கு வரட்டுமா என்று மூன்று பேர் கேட்கிறார்கள். உங்கப்பா ஒன்றும் சொல்ல மாட்டாரே என்கிறார்கள்.

நான்: தம்பி, பதில் சொல்லு.

தம்பி: யாரும் வர வேண்டாம். ஆபீஸ் முடிந்து வருகிறேன், உட்கார்ந்து பேசலாம். வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தால் நான் கோபித்துக்கொண்டிருக்க மாட்டேன்டா.

தம்பி மகன்: சரிப்பா.

தம்பி மனைவி: ஃப்ரிட்ஜில் இருந்த மீதியைச் சிங்க்கில் கொட்டிவிட்டேன்.

தம்பி: இரண்டு பாட்டிலுமா?

அக்கா: 🙏