"உமக்குச் சித்தமானால்"னு ஜெபிச்சா அது விசுவாசக் குறைவா?

கேள்வி: அயனாவரம் தங்கச்சி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க. எங்க அண்ணனுக்கு ரெண்டு கிட்னியும் ஃபெயிலியர், வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ், ஆட்டோல கூட்டிட்டு போய் கூட்டிட்டு வர்றது நான்தான், ஏன்னா அண்ணி வேலைக்கு போயே ஆகணும். மாற்று சிறுநீரகத்துக்கு கவர்மெண்ட் லிஸ்ட்ல பதிவு பண்ணி வெச்சிருக்கோம். நாங்க பொறந்ததுலேர்ந்தே சிஎஸ்ஐ, வீட்ல தினமும் ராத்திரி குடும்ப ஜெபம் உண்டு, அப்பா காலத்துலேர்ந்தே எதுக்காக ஜெபிச்சாலும் "உம்முடைய சித்தம் ஆகட்டும்"னுதான் முடிப்போம்.

போன வாரம் பக்கத்து தெருவுல உபவாச ஜெபம்னு கூப்பிட்டாங்க, போனேன். என்னைய ஜெபிக்க சொன்னாங்க, நானும் "ஆண்டவரே உமக்கு சித்தமானா எங்க அண்ணனுக்கு சுகம் கொடுங்க"ன்னு ஆரம்பிச்சேன், நடத்துற அம்மா பாதியிலயே நிறுத்திட்டாங்க. "சித்தமானான்னு சொல்லாதீங்க சிஸ்டர், அது சந்தேகப்படுறவங்க பேச்சு, சுகம் கிடைச்சிடுச்சுன்னு அறிக்கை பண்ணி ஸ்தோத்திரம் சொல்லுங்க, உங்க வாய்தான் அண்ணன் சுகத்தை தடுக்குது"ன்னாங்க. மாற்கு 11:24 எடுத்து காட்டினாங்க, கேட்டதை பெற்றுக்கொள்வோம்னு விசுவாசியுங்கள்னு. அந்த வசனம் பைபிள்ல இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. டயாலிசிஸ் போறதே விசுவாசம் இல்லாததுதான்னு வேற ஒருத்தர் முணுமுணுத்தாங்க.

அன்னிலேர்ந்து ஜெபிக்க உக்காந்தா வாயே வரமாட்டேங்குது. சித்தமானான்னு சொன்னா அண்ணனுக்கு நானே கெடுதல் பண்றேனோன்னு பயமா இருக்கு, சொல்லாம விட்டா கடவுளுக்கே உத்தரவு போடுற மாதிரி இருக்கு. எது சரி? தயவுசெஞ்சு சபை சண்டை போடாம சொல்லுங்க.

பதில்: வேப்பேரி பெரியவர்

அம்மா, உங்களுக்கு வேற எதுவும் வேண்டாம், மாற்கு 1-ம் அதிகாரம் 40-ம் வசனத்தை எடுத்து வாசிங்க. குஷ்டரோகி வந்து முழங்கால் போட்டு என்ன சொல்றான்? "உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்". நீங்க சொன்ன அதே பேச்சு! இயேசு அவனைப் பார்த்து அவிசுவாசின்னு சொன்னாரா? மனதுருகி, கையை நீட்டி, யாருமே தொடாத அவனைத் தொட்டு, "எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு"ன்னாரு. அவரே தடுக்காத ஜெபத்தை அந்த வீட்ல தடுத்திருக்காங்க, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.

இதோட மாற்கு 9-ம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கணும். அங்க பிசாசு பிடிச்ச பையனோட தகப்பன் "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" எங்களுக்கு உதவி செய்யும்னு கேக்குறான், அங்கதான் இயேசு விசுவாசத்தைப் பத்தி கேள்வி எழுப்புறாரு. இவன் சந்தேகப்பட்டது அவரால முடியுமாங்கறதை. குஷ்டரோகிக்கு அந்த சந்தேகமே இல்ல, உம்மால ஆகும்னு அடிச்சு சொல்லிட்டு, செய்யறதும் செய்யாததும் உங்க இஷ்டம்னு அவர் கையில விடுறான். நீங்க நிக்கறது குஷ்டரோகி பக்கத்துல. அந்த தகப்பனையும் இயேசு துரத்தல, அதையும் கவனிங்க, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு கண்ணீரோட கத்தினான், அந்த அரைகுறை விசுவாசத்துக்கே பிள்ளைக்கு சுகம் கிடைச்சுது.

சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசுவே இந்தப் பாத்திரம், அதாவது வரப்போற பாடு, நீங்கட்டும்னு கேட்டாரு, கேட்டுட்டு என் சித்தத்தின்படி அல்ல, உம்முடைய சித்தத்தின்படின்னாரு. மூணு தரம் போய் ஜெபிச்சாருன்னு மத்தேயு 26-ல இருக்கு. பாத்திரம் நீங்கல. அப்ப அவருக்கு விசுவாசம் பத்தலன்னு யாராவது சொல்ல முடியுமா? பவுலும் தன் மாம்சத்துல இருந்த முள்ளுக்காக மூணு தரம் வேண்டிக்கிட்டாரு, "என் கிருபை உனக்குப் போதும்"னுதான் பதில் வந்துது. அதே பவுல் தன் கூட ஊழியம் பண்ண துரோப்பீமுவை வியாதியா மிலேத்துவில விட்டுட்டு வந்தேன்னு எழுதியிருக்காரு, தீமோத்தேயு வயித்துக்கு கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கன்னு சொல்லியிருக்காரு. அப்போஸ்தலர் கூட்டத்துலயே வியாதிக்காரங்க இருந்தாங்கம்மா.

பதில்: கொளத்தூர் தம்பி

பிரைஸ் த லார்ட் சிஸ்டர். நான் பெந்தெகொஸ்தே சபை. அந்த வீட்ல உங்ககிட்ட பேசின விதம் தப்பு, முதல்ல அதை சொல்லிடுறேன். ஆனா பெரியவர் சொல்லாம விட்ட ஒண்ணு இருக்கு. நம்ம ஆளுங்க நிறைய பேர் "எல்லாம் அவர் சித்தம்"னு சொல்றது நம்பி சொல்றதில்ல, கேட்டு ஏமாந்துடுவோமோன்னு பயந்து முன்னாடியே கதவை சாத்திக்கறது. லூக்கா 18-ல அந்த விதவை நியாயாதிபதி கிட்ட விடாம போய் போய் நிக்கறாளே, சோர்ந்துபோகாம ஜெபம்பண்ணணும்னு சொல்லத்தானே ஆண்டவர் அந்த உவமையையே சொன்னாரு. எசேக்கியா ராஜாவுக்கு நீ பிழைக்கமாட்டேன்னு தீர்க்கதரிசியே வந்து சொல்லிட்டாரு, அவர் சுவர் பக்கம் திரும்பி அழுது ஜெபிச்சாரு, 15 வருஷம் கூட்டி கொடுத்தாரு கர்த்தர். அதனால சித்தமானான்னு சொல்லுங்க, ஆனா அதுக்கு முன்னாடி நல்லா கேளுங்க, அழுது கேளுங்க, அண்ணன் பேரை சொல்லி கேளுங்க. மனசுல இருக்கறதை முழுசா கொட்டாம சித்தம்னு மட்டும் சொல்லி எழுந்துடாதீங்க.

அப்புறம் டயாலிசிஸ் பத்தி. எசேக்கியா ஜெபத்தை கேட்டேன்னு கர்த்தர் சொன்னதுக்கு அப்புறம் ஏசாயா என்ன பண்ணாருன்னு 38:21 பாருங்க, அத்திப்பழ அடையை பிளவைல (கட்டியில) வெச்சு கட்ட சொன்னாரு. சுகம் நிச்சயம்னு தெரிஞ்சும் மருந்து போட்டாங்க! வேலூர்ல 1900-ல ஐடா ஸ்கடர் ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு நிக்கற சிஎம்சி, விசுவாசம் இருந்ததாலதான் அவங்க ஆஸ்பத்திரி கட்டினாங்க. யார் வந்து சொன்னாலும், எந்த ஊழியக்காரர் வந்து சொன்னாலும் ஒரு டயாலிசிஸ் கூட விடாதீங்க சிஸ்டர், கெஞ்சி கேக்குறேன்.

அயனாவரம் தங்கச்சி

படிச்சு அழுதுட்டேன், ரெண்டு பேருக்கும் நன்றி. குஷ்டரோகி வசனம் எத்தனையோ பிரசங்கத்துல கேட்டதுதான், இப்பதான் மனசுக்குள்ள போகுது.

இன்னும் ரெண்டு விஷயம் உறுத்துது. அவர் சித்தம் முன்னாடியே முடிவு ஆனதுன்னா நான் கேக்கறதால என்ன ஆகப்போகுது? இன்னொண்ணு யார்கிட்டயும் சொன்னதில்ல. அண்ணனுக்கு சீக்கிரம் கிட்னி கிடைக்கணும்னு ஜெபிச்சா, எங்கயோ ஒருத்தர் சாகணும்னு ஜெபிக்கிற மாதிரி ஆகுதே. லிஸ்ட்ல பேர் மேல வரணும்னு கேக்க ஆரம்பிச்சா அப்படியே நின்னுடுறேன்.

பதில்: சாந்தோம் டீச்சர்

இயேசுவுக்கே புகழ். நாங்க கத்தோலிக்கம், பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு நடந்து போற குடும்பம், உங்க சபை பேச்சு வழக்கு எனக்கு வராது, அதனால எங்க பாணியில சொல்றேன்.

உங்க முதல் கேள்விக்கு 13-ம் நூற்றாண்டுலயே எங்க திருச்சபை இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் பதில் சொல்லியிருக்காரு. கடவுளோட முடிவை மாத்தறதுக்காக நாம செபிக்கறதில்ல, நம்ம செபம் வழியா கொடுக்கணும்னு அவர் எதை தீர்மானிச்சிருக்காரோ அதைப் பெத்துக்கறதுக்காக செபிக்கறோம்னு. அதாவது நீங்க கேக்கறதும் அவர் திட்டத்துக்குள்ளயே இருக்கு, வெளியில நின்னு அவரை வளைக்கறது இல்ல. நாம கேக்கறதுக்கு முன்னாடியே நம்ம தேவை தந்தைக்கு தெரியும்னு சொன்ன இயேசுதான், அதே மூச்சுல "உமது திருவுளம் நிறைவேறுக"ன்னும் அன்றாட உணவைத் தாரும்னும் சேர்த்து கேக்க சொல்லிக் கொடுத்தாரு.

புனித மோனிக்காம்மாவை நினைச்சுக்கங்க. மகன் அகுஸ்தீன் ஊரை விட்டு ரோமுக்கு போகக்கூடாதுன்னு கடற்கரையோரம் சிப்ரியான் பேர்ல இருந்த ஆலயத்துல ராத்திரி பூரா அழுது செபிச்சாங்க. மகன் அந்த ராத்திரியே அம்மாகிட்ட பொய் சொல்லிட்டு கப்பல் ஏறிட்டாரு. விடிஞ்சு பார்த்தா ஆள் இல்ல. அவங்க கேட்டது கிடைக்கல, முகத்துல அறைஞ்ச மாதிரி இருந்திருக்கும். ஆனா அந்த பயணம்தான் அவரை மிலான்ல ஆயர் அம்புரோஸ் கிட்ட கொண்டு போய் விட்டுது, 387-ல திருமுழுக்கு வாங்கினாரு. அந்த அம்மாவோட ஆசை மகன் கிறிஸ்தவனா ஆகணும்ங்கறதுதான், அது கிடைச்சுது, அவங்க கேட்ட வழியில இல்ல. எல்லாருக்கும் இப்படித்தான் நடக்கும்னு நான் சொல்ல வரல, அண்ணன் விஷயத்துல என்ன நடக்கும்னு எனக்கு எப்படி தெரியும்.

ரெண்டாவது கேள்வி, அது வந்ததே உங்க மனசு நல்ல மனசுங்கறதால. யாரோட சாவுக்கும் நீங்க செபிக்கல தங்கச்சி. விபத்தும் மூளைச்சாவும் நீங்க கேக்கறதால வர்றது இல்ல. அந்த நேரத்துல ஐசியூ வாசல்ல நிக்கற குடும்பத்துக்கு, தானம் பண்றோம்னு சொல்ற மனசை கொடுங்கன்னு கேளுங்க. 2008-ல விபத்துல மூளைச்சாவு அடைஞ்ச பையன் ஹிதேந்திரனோட அப்பா அம்மா அப்படி சொன்னாங்க, அதுக்கப்புறம் தமிழ்நாட்ல எத்தனை பேர் இதைப் பத்தி யோசிச்சாங்க. முகம் தெரியாத அந்த குடும்பத்துக்கு ஆறுதல் கொடுங்கன்னு இப்பவே செபிக்க ஆரம்பிச்சுடுங்க. அப்படி கேட்டா நடுவுல நிக்க வேண்டியிருக்காது.

பதில்: வியாசர்பாடி

நான் டயாலிசிஸ்ல இருக்கறவன், அதனால சொல்றேன். ஜெபிக்க வீட்டுக்கு வர்றவங்க நல்லவங்கதான், ஆனா உனக்கு விசுவாசம் இருந்தா எழுந்திருச்சிருப்பன்னு சொல்லிட்டு போயிடுவாங்க, அன்னிக்கு ராத்திரி தாகத்தை விட அதுதான் கஷ்டமா இருக்கும், கஷ்டத்துல கிடந்த யோபுவையே குத்தம் சொன்ன அவரோட சிநேகிதங்க கிட்ட கர்த்தர் கோவப்பட்டது ஏன்னு படுத்துக்கிட்டே யோசிச்சிருக்கேன். மாற்கு 2-ல திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிட்டு வந்து கூரையை பிரிச்சு இறக்கினாங்க, இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டாருன்னுதான் எழுதியிருக்கு, கட்டில்ல கிடந்தவனை உனக்கு எவ்வளவு விசுவாசம்னு அவர் கேக்கல. உங்க அண்ணனால ஜெபிக்க முடியாத நாள் நிறைய வரும், டயாலிசிஸ் முடிஞ்ச அன்னிக்கு தலையே தூக்க முடியாது, அன்னிக்கு அவருக்காக நீங்க நம்புங்க. ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த ஆபரேஷன்ல ரத்தக்குழாயை இணைச்சு வெச்சிருக்கறது) கைக்காக ஜெபிங்க, ஊசி குத்துற நர்ஸ்களுக்காக ஜெபிங்க, குடிக்கற தண்ணி அளவு தாண்டாம இருக்கறதுக்கு ஜெபிங்க. பெரிய அற்புதத்தையும் கேளுங்க, வேண்டாம்னு சொல்லல, நானும் கேட்டுட்டுதான் இருக்கேன்.

அயனாவரம் தங்கச்சி

அண்ணா, உங்க பதிலை அண்ணனுக்கு வாசிச்சு காட்டினேன். நர்ஸ்களுக்காக ஜெபிக்கறது நமக்கு தோணவே இல்லையேன்னாரு. உங்களுக்காகவும் எங்க வீட்டு ராத்திரி ஜெபத்துல கேக்குறோம். டீச்சர் சொன்ன மாதிரி அந்த குடும்பத்துக்காகவும் ஜெபிச்சேன், தடங்கல் இல்லாம வந்துது. உபவாச ஜெபத்துக்கு திரும்பவும் கூப்பிட்டிருக்காங்க. போகலாமா வேண்டாமா?

பதில்: வேப்பேரி பெரியவர்

போங்கம்மா, அவங்களும் உங்க அண்ணனுக்காகத்தானே பட்டினி கிடக்கறாங்க. மாற்கு 1:40-ஐ கூட எடுத்துட்டு போய், உங்க முறை வரும்போது சத்தமா வாசிச்சுட்டு ஜெபத்தை ஆரம்பிங்க. எங்க சபையில ஞாயித்துக்கிழமை மன்றாட்டு ஜெபத்துல வியாதிக்காரங்க பேரை வாசிப்போம், அண்ணன் பேரை எனக்கு தனியா அனுப்புங்க, வியாசர்பாடி தம்பியும் அனுப்புங்க.