கீமோவுக்கு முன்னாடி கருமுட்டை ஃப்ரீஸ் பண்ணவங்க யாராச்சும் இருக்கீங்களா?

மதுரக்காரி:
தங்கச்சிக்கு 29 வயசு, கல்யாணம் ஆகல. மார்பக கேன்சர், ஹார்மோன் பாசிட்டிவ்னு ரிப்போர்ட், அதாவது ஹார்மோனால வளர்ற வகை. ஆபரேஷன் முடிஞ்சு தையல் ஆறிட்டிருக்கு, மூணு வாரத்துல கீமோ. முட்டைய எடுத்து வெச்சுக்கலாமான்னு அவளே கேக்குறா, அம்மா "மொதல்ல உசுரு பொழைக்கட்டும், புள்ளைய பத்தி இப்ப என்னடி பேச்சு"ங்கறாங்க. முட்டை வளர ஊசி போட்டா ஹார்மோன் ஏறி கேன்சர் கூடிருமோ? கீமோ தள்ளிப் போயிருமா?

நிலா:
நான் பண்ணேன் சிஸ். பீரியட்ஸ் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், எந்த நாள்லயும் ஊசி ஆரம்பிக்கலாம், ரெண்டு வாரம் போல ஆகும், அதனால மூணு வாரம் இருக்குன்னா இன்னிக்கே போன் போடுங்க. ஹார்மோன் ஏறாம இருக்க லெட்ரோசோல் மாத்திரையும் சேத்து குடுப்பாங்க. கடைசில வயிறு உப்பி சுடிதார் நாடாவே கட்ட முடியாது. ஊசியவிட ஸ்கேன் ரூம் வாசல்தான் கொடுமை, பக்கத்துல மாமியாரோட வந்திருக்கவங்க "உங்களுக்கு எத்தன வருஷமாச்சும்மா"ன்னு கேப்பாங்க 😑

வார்டு_சிஸ்டர்:
கேன்சர் டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு போங்க, ரெண்டு டாக்டரும் பேசிக்கிட்டாத்தான் தேதி தள்ளாது. ஹார்மோன் பாசிட்டிவ்னா கீமோவுக்கப்புறம் 5 வருஷமாவது ஹார்மோன தடுக்குற மாத்திரை இருக்கும், அதுக்குள்ள வயசும் ஏறிரும்ல, அதனால உங்க தங்கச்சி கேக்குறது நியாயம். 18 மாசத்துலேந்து 30 மாசம் வரை மாத்திரை சாப்ட்டுட்டு கர்ப்பத்துக்காக நிறுத்தினவங்கள பாத்த ஒரு ஆய்வு (அதோட பேரே POSITIVE) 2023ல வந்துச்சு, முதல் சில வருஷத்துல கேன்சர் திரும்பி வர்றது கூடல, அதுக்கப்புறம் எப்படின்னு இன்னும் பாத்துட்டிருக்காங்க. கீமோ நேரத்துல 28 நாளைக்கு ஒருக்க கோசெரெலின் ஊசியும் போடலாம், கருப்பைக்கு இல்ல, சினைப்பைக்கு பாதுகாப்பு. ஆனா அது மட்டும் போதும்னு இருந்துராதீங்க. ஃப்ரீஸ் பண்ணாலும் குழந்தை கேரண்டின்னு எவனாச்சும் சொன்னா எந்திரிச்சு வந்துருங்க.

திருச்சி_தம்பி:
எனக்கு லிம்போமா, நிணநீர் கேன்சர். ஆம்பளைங்களுக்கு ஒரு டப்பால விந்து சாம்பிள் குடுத்தா வேலை முடிஞ்சுது, கீமோவுக்கு முன்னாடி குடுக்கணும் அவ்ளோதான், அதக்கூட என்கிட்ட யாரும் சொல்லல, நானா கேட்டதுக்கப்புறம்தான் சொன்னாங்க. அதனால நீங்களே வாய தொறந்து கேளுங்கக்கா.

மதுரக்காரி:
தேங்க்ஸ் எல்லாருக்கும். அம்மாகிட்ட படிச்சு காட்டுனேன், "எவ்ளோ ஆகும்னு கேளு"ங்கறாங்க.

நிலா:
சென்டருக்கு சென்டர் மாறும், ஊசி மருந்துதான் பெரிய செலவு. வருஷா வருஷம் ஸ்டோரேஜுக்கு எவ்ளோன்னும் இப்பவே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.