13க்கு 13 ஜெயித்தும் பிளேஆஃபில் இடமில்லை: ஃபுளோரிடா ஸ்டேட் 2023

கதிர்:
2023 கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் சீசனை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. ஃபுளோரிடா ஸ்டேட் 13 ஆட்டம் ஆடி 13லும் ஜெயித்தது. தான் ஆடும் கான்ஃபரன்ஸான (அணிகளின் கூட்டமைப்பு) ஏசிசியின் பட்டமும் கையில். அப்படியும், தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்கு அணிகளைப் பொறுக்கும் தேர்வுக்குழு மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா என நான்கு அணிகளோடு கதவைச் சாத்திவிட்டது. டெக்சாஸும் அலபாமாவும் தலா ஓர் ஆட்டம் தோற்றவை. தோற்காமல் இருந்ததற்கே இதுதான் பலன் என்றால், அந்தப் பையன்கள் வேறு என்னதான் செய்திருக்க வேண்டும்?

மதுமிதா:
கதிர், ஃபுளோரிடா ஸ்டேட்டின் முதல் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜோர்டன் டிராவிஸை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். நவம்பர் 18, நார்த் அலபாமா ஆட்டத்தின் முதல் குவார்ட்டரிலேயே அவர் கால் முறிந்தது. முக்கிய வீரர் ஆட முடியாத நிலையையும் குழு கணக்கில் எடுக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. லூயிவில்லுக்கு எதிரான ஏசிசி இறுதி ஆட்டத்தைப் பார்த்தீர்களா? இரண்டாவது குவார்ட்டர்பேக் ரோட்மேக்கருக்கும் தலையில் அடிபட்டிருந்ததால், முதலாண்டு மாணவர் பிராக் கிளென் இறங்கினார். வீசிய 21இல் 8தான் சேர்ந்தது, மொத்தம் 55 கெஜம். இதை வைத்துக்கொண்டு மிச்சிகனிடம் போக முடியுமா?

கதிர்:
பார்த்தேன். 16-6 என்று ஜெயித்தார்கள். லூயிவில்லை ஒரு டச்டவுன்கூட (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் பெரிய ஸ்கோர்) எடுக்க விடாத டிஃபென்ஸ் உங்கள் கண்ணில் படவில்லையா? டிராவிஸ் விழுந்த அன்றும் 13-0 என்று பின்தங்கிக் கிடந்தவர்கள்தான் 58-13 என்று முடித்தார்கள். 2014இல் ஒஹாயோ ஸ்டேட் மூன்றாவது குவார்ட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸை வைத்துத்தான் கோப்பையையே தூக்கியது.

மதுமிதா:
அந்த ஒஹாயோ ஸ்டேட் கான்ஃபரன்ஸ் இறுதியில் விஸ்கான்சினை 59-0 என்று நொறுக்கியது. 16-6ஐ அதோடு சேர்க்காதீர்கள். அலபாமாவோ, 29 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்திருந்த ஜார்ஜியாவை 27-24 என்று சாய்த்துவிட்டு வந்தது.

சேரன்:
நடுவில் வருகிறேன். அதே அலபாமா அதற்கு முந்தின வாரம் ஆபர்னிடம் தோற்க வேண்டியது. கடைசி நிமிடம், நாலாவது டவுன் (கடைசி வாய்ப்பு), 31 கெஜம் போக வேண்டும். அலபாமா குவார்ட்டர்பேக் மில்ரோ மூலைக்கு எறிந்ததை சக வீரர் ஐசேயா பாண்ட் பிடித்ததால் பிழைத்தது. அந்தப் பந்து நழுவியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

மதுமிதா:
பிடித்துவிட்டாரே! அப்புறம் பிளேஆஃபுக்கு வெளியே நடந்த ஆரஞ்ச் பவுல் ஆட்டத்தில் ஜார்ஜியா ஃபுளோரிடா ஸ்டேட்டை 63-3 என்று அடித்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கதிர்:
அன்று இறங்கியது அந்த அணியே இல்லை. இருபது பேருக்கு மேல் ஆடவில்லை. கோப்பைக் கனவு போன பிறகு, என்எஃப்எல் (தொழில்முறை லீக்) போகிறவன் காலைப் பணயம் வைப்பானா? டிராவிஸ் எழுதியதுதான் எனக்கு வலிக்கிறது: தன் கால் சீசனில் இன்னும் முன்னாடியே உடைந்திருக்கலாம், அப்போதாவது இந்த அணி ஒரு குவார்ட்டர்பேக் மட்டுமல்ல என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்றார்.

இன்னொன்று. நவம்பர் கடைசித் தரவரிசையில், கால் உடைந்து பத்து நாள் ஆன பிறகும், இதே குழு அவர்களை 4ஆம் இடத்தில் வைத்தது. அடுத்த ஆட்டத்தில் ஜெயித்ததும் 5. எப்படி?

மதுமிதா:
அந்த 4, 5 கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரை வெளியே அனுப்புவீர்கள்? அலபாமாவை எடுத்தால், அதை அதன் சொந்த மைதானத்திலேயே 34-24 என்று வென்ற டெக்சாஸை விட முடியாது. அப்போது பெரிய கான்ஃபரன்ஸ் ஐந்து, பிளேஆஃபில் இடம் நான்கு.

கதிர்:
அலபாமாவைத்தான். தோற்றவர்களில் ஒருவர் போகட்டும், தோற்காதவர் ஏன் போக வேண்டும்? அடுத்த வருடமே பிளேஆஃபை 12 அணி என்று மாற்றினார்கள். டிராவிஸுக்கு அது ஒரு வருடம் பிந்திவிட்டது.