முதுமாணியா, பிள்ளையா?

கேள்வி (ஒட்டுசுட்டான்): வயது 29. விவசாயப் போதனாசிரியராக இருக்கிறேன். 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் படித்தவள். இருபதுகள் முழுக்க ஓட்டம்தான்: தம்பியின் படிப்பு, வீட்டுக் கடன், பிறகு கலியாணம். இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிக்கு (மாஸ்டர்ஸ் பட்டத்துக்கு) இடம் கிடைத்திருக்கிறது. மாமி "முதலில் பிள்ளை" என்கிறா. எனக்கும் பிள்ளை ஆசை இருக்கிறது, அதுதான் கஷ்டம். முத்தையன்கட்டு வாய்க்கால் கரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, வயலில் இறங்கி நெல்லின் அடித்தூரை விலக்கிக் கபிலத் தத்திப் பூச்சி தேடும்போது, இன்னும் படிக்க வேண்டும் என்று மனம் துடிக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் (கிளிநொச்சி): தங்கச்சி, நான் பிள்ளை பிறந்த பிறகுதான் படித்தேன். அம்மா பக்கத்தில் இருந்தா, அதனால் முடிந்தது. உமக்கு யார் இருக்கினம்? அதை முதலில் பாரும். அரச வேலையில் 84 வேலை நாள் முழுச் சம்பளத்தோடு பிரசவ லீவு, பிறகு 84 நாள் அரைச் சம்பளத்தோடு எடுக்கலாம். அதையும் கணக்கில் வையும்.

பதில் (வவுனியா): மாமி சொல்வது இருக்கட்டும். உம்முடைய கணவர் என்ன சொல்கிறார்?

கேட்டவர்: "நீ போய்ப் படி, நான் பார்க்கிறேன்" என்கிறார். ஆனால் பிள்ளை வந்தால் இரவில் யார் எழும்புவது என்று நாங்கள் கதைத்ததே இல்லை. சரி, இன்றைக்கே கேட்கிறேன்.